மூன்று ஏழு போட்ட கை

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குச் சர்வரக்கா என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மாடிப்படிக்கு அடியில் விளக்குமாறும் வாளியும் கிடந்த அறையைக் காலி செய்து, ஒரு ஏசியை மாட்டி, சர்வரை வைத்து, மிச்சமிருந்த இடத்தில் அவளையும் வைத்திருந்தார்கள். ஏசி சர்வருக்கு. அதில் ஒரு பங்கு அவளுக்கும் கிடைத்தது என்றால் அது அவள் அதிர்ஷ்டம்.

"எங்க மருமக சர்வரா இருக்கா" என்று மாமனார் சொல்லப்போய், சொந்தத்தில் ஒரு பெரியம்மா "எந்த ஹோட்டல்ல?" என்று கேட்டு வைத்தாள். சர்வரக்கா அதைத் திருத்தவில்லை. யாருக்கு எது போய்ச் சேர வேண்டுமோ அதை மட்டும் கொண்டுபோய் வைக்க வேண்டும், அடுத்த மேஜைக்குப் போவதை இந்த மேஜையில் வைத்துவிடக் கூடாது. இரண்டு வேலைக்கும் இதுதானே சட்டம் என்று சிரித்துக்கொண்டாள்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அங்கே ரிப்போர்ட் தட்டச்சு செய்ய வந்தவள் அவள். அப்போது சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் பெரிய டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு, ரூட் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி மேஜையில் வைத்துவிட்டுப் போனவர் போனவர்தான். ரூட் என்பது சர்வரின் எஜமான். எந்தப் பூட்டும் அதற்குப் பூட்டில்லை. அந்தக் கவரைப் பிரிக்க ஆம்பளைகள் ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். இவள் போய்ப் பிரித்தாள். பிறகு எண்ணூறு பக்க யூனிக்ஸ் புத்தகம் ஒன்றை வாங்கி, புருஷன் ஓட்டும் பஸ்ஸிலேயே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம் என்று படித்து முடித்தாள். அவள் கையில் பென்சில் இருந்தால் அவர் பிரேக்கை மெதுவாக மிதிப்பார். வீட்டில் அவர் காட்டிய அதிகபட்சக் காதல் அதுதான். அது அவளுக்குப் போதும்.

அந்தப் புத்தகத்தில் அவளுக்கு மிகவும் பிடித்தது பெர்மிஷன் பற்றிய அத்தியாயம். அதற்கொரு காரணம் உண்டு. ஐந்து பெண்கள் பிறந்த வீட்டில் அவள் நாலாவது. ஐந்து பேருக்கும் ஒரே அலமாரி. பதிமூன்று வயதில் அவள் எழுதி வைத்திருந்த நோட்டை இரண்டாவது அக்கா எடுத்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சத்தமாக வாசித்தாள். அப்பா உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தாளே தவிர, அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு ஃபைலைப் படிக்க யாருக்கு உரிமை, எழுத யாருக்கு உரிமை, இயக்க யாருக்கு உரிமை என்று ஒரு மெஷினுக்குள் யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது, பஸ்ஸில் இருக்கிறோம் என்பதையும் மறந்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கணக்கு எளிது. படிக்க நாலு, எழுத இரண்டு, இயக்க ஒன்று. மூன்றையும் கொடுத்தால் ஏழு. இப்படி மூன்று எண் வரிசையாக வரும். முதல் எண் ஃபைலின் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவருடைய குரூப்புக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். மூன்று ஏழு போட்டால் வீட்டைத் திறந்துபோட்டு வெளியூர் போன மாதிரி.

ஆனால் அந்த நிலையத்தின் வழக்கமே மூன்று ஏழுதான். புரோகிராம் எழுதிக் கொடுத்தவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஃபோனில் குரல் மட்டும் வரும்; அதனால் அவருக்கு அசரீரி என்று பெயர். எது ஓடாவிட்டாலும் அசரீரி ஒரே மருந்தைத்தான் சொல்லும்: "மூணு ஏழு போட்டுடுங்க மேடம்." போட்டால் ஓடும். ஓடாமல் என்ன செய்யும், கதவே இல்லையே. இந்த மந்திரம் கட்டிடம் முழுக்கப் பரவி, பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூடக் கூட்டித் துடைக்கும் அம்மா "ஏழு போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு எறும்பு அந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

எறும்பு ரத்தம் எடுப்பவள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லியே ஊசி போடுவாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஆறு வருஷமாகக் கை நடுங்கிப் பார்த்திராதவள் அன்று டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கடைசி நம்பரை மாத்தினா அடுத்தவங்க ரிப்போர்ட் வருமா?"

"யார் சொன்னது?"

"என் கொழுந்தன். காலையில சுகர் பாக்க வந்தான். நான்தான் ரத்தம் எடுத்தேன். மத்தியானம் ஃபோன் பண்ணி, 'அண்ணி, உங்க லேப் ரிப்போர்ட் லிங்க்ல நம்பரை மாத்திப் போட்டா வேற ஆளுங்க ரிப்போர்ட்டெல்லாம் வருது, செம டைம் பாஸ்'னு சிரிக்கிறான். ஒவ்வொண்ணா பாத்துட்டே வரானாம்."

"அவன் நம்பர் என்ன?"

"ஒரு லட்சத்து அம்பத்தோராயிரத்து இருநூத்திப் பதினெட்டு." எறும்பு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இருநூத்தி இருபத்தாறு நான். அவன் போன பிறகு நானும் ரத்தம் குடுத்தேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. என் ரிப்போர்ட் அஞ்சு மணிக்கு வருது."

சர்வரக்கா என்ன டெஸ்ட் என்று கேட்கவில்லை.

"நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் முதல்ல நான்தான்க்கா பாக்கணும்" என்றாள் எறும்பு. "எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்குத் தெரிஞ்சா, அப்புறம் நான் அங்க என்ன பேசியும் பிரயோஜனம் இல்ல."

"நீ போய் ஊசியைப் போடு. அஞ்சு மணிக்கு இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு."

அவள் போனதும் சர்வரக்கா தன் ஃபோனை எடுத்து, அதே லிங்கில் போன வருஷம் தான் எடுத்த பரிசோதனையின் நம்பரைத் தட்டினாள். அடுத்தவர் ரிப்போர்ட்டை வைத்துச் சோதித்துப் பார்க்க அவளுக்கு மனம் வராது. லாகின் கேட்கவில்லை, பாஸ்வேர்ட் கேட்கவில்லை. அவள் பெயர், வயது, கொழுப்பு எல்லாம் பளிச்சென்று வந்து நின்றது.

ரிப்போர்ட் ஃபோல்டரின் பெர்மிஷனைப் பார்த்தாள். மூன்று ஏழு. யார் போட்டது என்று ரூட் இதுவரை கொடுத்த கட்டளைகளின் பட்டியலைத் தேடினாள். மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு தேதி, காலை பத்தே கால். அந்த நேரத்தில் ரூட்டாக இருந்தது உலகத்தில் ஒரே ஒருத்தி.

அந்தக் காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ரத்தம் பரிசோதிக்கும் புது மெஷின் வந்த வாரம், ரிப்போர்ட் எதுவும் கவுன்டருக்கு வரவில்லை, வராந்தாவில் நாற்பது பேர், பெரிய டாக்டர் கத்தல், ஃபோனில் அசரீரி. "இப்போதைக்குப் போட்டுட்டு சாயங்காலம் சரி பண்ணிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் பத்து விரலாலேயே போட்டாள். இனிமேல் வரும் ஃபைல் எல்லாம் திறந்தே பிறக்கட்டும் என்று இன்னொரு வரியும் சேர்த்தாள். அந்தச் சாயங்காலம் மூன்று வருஷமாக வரவே இல்லை. அக்கா ஒரு நோட்டைத்தான் வாசித்தாள். இவள் ஒன்றரை லட்சம் பேரின் நோட்டைத் தெருவில் விரித்து வைத்திருக்கிறாள்.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

"டாக்டர், நம்ம ரிப்போர்ட் எல்லாத்தையும் யார் வேணா பாக்கலாம். ஃபோல்டர் திறந்து கிடக்கு. திறந்து போட்டது நான்தான். மூணு வருஷம் ஆச்சு."

அவர் பேனாவை மூடினார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருக்கு எல்லாமே ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும்.

"மூணு வருஷமா ஒண்ணும் ஆகலையேம்மா."

"ஆச்சா ஆகலையான்னு நமக்குத் தெரியாது டாக்டர். சொல்றவங்க நம்மகிட்டயா வந்து சொல்லுவாங்க?"

"இன்னிக்கு ஃபேக்டரி ஆளுங்க இருநூறு பேர் ரிப்போர்ட் போகணும். ஞாயித்துக்கிழமை நிதானமா பண்ணு."

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பண்ணணும்."

"அப்படி என்ன அஞ்சு மணி?"

சொல்ல வேண்டிய விஷயம் அவளுடையது இல்லையே.

"ஒரு ரிப்போர்ட்கூட நிக்கக் கூடாது" என்றார் அவர்.

"நிக்காது."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அறைக்கு வந்து முதலில் ஒரு காகிதத்தை எடுத்தாள். கீபோர்டில் கை வைப்பதற்கு முன் காகிதத்தில் எழுதாத எதுவும் பின்னால் அழ வைக்கும் என்பது அவள் அனுபவம். ரிப்போர்ட்டை எழுதுவது மெஷினின் புரோகிராம். அதுதான் சொந்தக்காரர், அதற்குப் படிக்கவும் எழுதவும் உரிமை. கவுன்டர் புரோகிராமும் லாகின் கேட்டுக் காட்டும் புரோகிராமும் படித்தால் போதும். இரண்டையும் ஒரே குரூப்பில் சேர்க்கலாம். வாசலில் நின்று கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் வெப் சர்வருக்கு ஒன்றும் கிடையாது. மற்ற எல்லோருக்கும் பூஜ்ஜியம். ஃபைலுக்கு 640; ஃபோல்டருக்குள் நுழையவே இயக்கும் உரிமை வேண்டும் என்பதால் அதற்கு 750. பூஜ்ஜியத்தை அழுத்தி எழுதினதில் காகிதம் கிழிந்தது.

பத்து ஃபைலை நகலெடுத்து வேறு ஃபோல்டரில் முதலில் ஒத்திகை பார்த்தாள். சரியாக வந்தது. பிறகு நிஜத்தில் ஓடவிட்டாள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஃபைல். சர்வர் மூச்சு வாங்கியது. முடிந்தபோது மூன்று இருபது.

கவுன்டரில் நேற்றைய ரிப்போர்ட் ஒன்றை எடுக்கச் சொன்னாள். வந்தது. லாகின் வழியாக வருகிறதா என்று பார்க்க மாமனாருக்கு ஃபோன் போட்டாள். வீட்டுக்கு வரும் அத்தனை பேர் கடிதத்தையும் "உனக்கு வேலை மிச்சம்மா" என்று பிரித்துப் படித்து வைக்கும் மகானுபாவர் அவர்.

"மாமா, உங்க ஃபோன்ல லாகின் பண்ணி உங்க ரிப்போர்ட்டைத் திறங்க."

"வருதும்மா. போன மாசம் பாத்ததுதானே. ஏம்மா, உங்க அத்தை ரிப்போர்ட்டையும் இதுல பாக்க முடியுமா?"

"முடியாது மாமா. இனிமே முடியாது." அவளுக்கு அதைச் சொல்வதில் ஒரு தனி சந்தோஷம்.

திறந்தே பிறக்கட்டும் என்று தான் எழுதிய அந்த வரியை நீக்கினாள். அது பலிக்க வேண்டுமானால் மெஷினின் புரோகிராமை ஒரு முறை நிறுத்தித் துவக்க வேண்டும். லேப்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நடுவுல நிறுத்தினா சாம்பிள் போச்சு. நாலு பத்துக்கு ஒரு பேட்ச் முடியும். அடுத்தது ஏத்த அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள என்ன பண்ணுவீங்களோ." நாலு பத்துக்கு நிறுத்தினாள், நாலு பன்னிரண்டுக்குத் துவக்கினாள். பெரிய மூச்சாக ஒன்று விட்டாள்.

விட்ட மூச்சை நாலு இருபத்தைந்துக்குத் திரும்ப வாங்க வேண்டி வந்தது. கவுன்டரில் புது ரிப்போர்ட் எதுவும் வரவில்லை.

ஃபேக்டரி ஆட்கள் வராந்தாவில் கால் மாற்றி நின்றார்கள். ஒருத்தர் ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு என்றார். அவர் சொன்னதும் பத்துப் பேருக்கு நேரமானது. கவுன்டர் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, ஏழு போடுங்கக்கா" என்றாள். அசரீரி தானாகவே ஃபோனில் வந்தது.

"மேடம், எதுக்கு ரிஸ்க்? மூணு ஏழு போட்டுடுங்க. ரெண்டு செகண்ட்."

"ரெண்டு செகண்ட் இல்ல தம்பி. மூணு வருஷம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெரிய டாக்டரே மாடிப்படிக்கடியில் குனிந்து வந்தார். அந்த அறைக்கு அவர் வந்து இரண்டு வருஷம் இருக்கும்.

"நிக்காதுன்னு சொன்னியேம்மா. ஏழைப் போட்டு விடு. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"போட மாட்டேன் டாக்டர்."

"என்னது?"

"இந்தக் கை ஒரு தடவை போட்டுச்சு. திரும்பப் போடாது. வேணும்னா வேற யாரையாவது கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க, பாஸ்வேர்டைக் கவர்ல எழுதித் தரேன். எனக்குப் பதினஞ்சு நிமிஷம் குடுங்க."

மூன்று வருஷத்துக்கு முன் இதே நாற்காலியில் இதே கத்தலுக்கு அவள் நடுங்கினாள். இன்றும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் சாத்தின கதவைத் தானே திறப்பதை நினைக்கவே அதைவிட அதிகமாக அருவருப்பாக இருந்தது. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, வராந்தாவுக்குப் போய், "பதினஞ்சு நிமிஷம்" என்று ஃபேக்டரி ஆட்களிடம் அவரே சொன்னார்.

பழைய ரிப்போர்ட் வருகிறது, புதியது வரவில்லை. அப்படியானால் பூட்டில் கோளாறில்லை, பிறப்பில் கோளாறு. நாலு பன்னிரண்டுக்குப் பின் வந்த ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 640 சரி. சொந்தக்காரர் சரி. குரூப்? மெஷின் தன்னுடைய குரூப்பையே போட்டுக்கொண்டு பிறக்க வைத்திருந்தது. கவுன்டருக்கு அந்தக் குரூப்பில் இடமில்லை. வேற்று வீட்டு முகவரியோடு பிறந்த பிள்ளையை இந்த வீட்டில் யார் உள்ளே விடுவார்கள்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாற்பது பேரைக் காக்க வைத்ததும் இதே கோளாறுதான். இதற்குள் பிறக்கும் ஃபைல் எல்லாம் இந்த ஃபோல்டரின் குரூப்பையே எடுக்க வேண்டும் என்று ஃபோல்டருக்கு ஒரு குறி போட்டால் போதும். 750க்கு முன்னால் ஒரு இரண்டு. அந்த ஒற்றை இரண்டைத் தேடச் சோம்பல்பட்டு மூன்று ஏழைப் போட்டிருக்கிறாள். புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் பென்சில் கோடுகூடப் போட்டிருந்தாள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தாள்.

2750. பிறகு, நடுவில் பிறந்துவிட்ட முப்பத்தொரு ஃபைலின் குரூப்பையும் மாற்றினாள். நாலு நாற்பத்தாறுக்குக் கவுன்டர் பிரிண்டர் இரைந்தது. வராந்தாவில் யாரோ கைதட்டினார்கள்.

அவள் எழுந்து போகவில்லை. வெப் சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். யார் எந்த நேரத்தில் எதைக் கேட்டார்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கும் பட்டியல் அது. மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒரே ஃபோன், பதினெட்டில் ஆரம்பித்து இருபத்திரண்டு வரைக்கும் போயிருந்தது. அதற்கு முன்னும் யார் யாரோ அங்கங்கே நம்பர் மாற்றிப் பார்த்திருந்தார்கள். பதிவேடு மூன்று மாதத்துக்குத்தான் இருந்தது. மிச்சத்தை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது? பார்க்கப்பட்டவர்களின் நம்பரை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுதினாள். அவர்கள் எல்லோருக்கும் டாக்டர் கையெழுத்தோடு கடிதம் போக வேண்டும். அவர் மாட்டேன் என்றால் தன் கையெழுத்தோடு போகும். அதில் அவளுக்கு இரண்டாவது யோசனை இல்லை.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்த ஃபோன் மறுபடியும் வந்தது. கொழுந்தன் டீ குடித்துக்கொண்டிருப்பான் போல.

இருபத்துமூன்று. பக்கத்திலேயே சர்வரின் பதில்: 403. அனுமதி இல்லை.

இருபத்துநாலு. 403.

ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு ஃபோல்டரில் ஒரு லட்சத்து ஐம்பத்தோராயிரத்து இருநூற்று இருபத்தாறு பிறந்தது. 640, சரியான குரூப், மற்றவர்களுக்குப் பூஜ்ஜியம்.

இருபத்தைந்து. 403.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இருபத்தாறு. 403.

அவன் விடவில்லை. அதையே இன்னும் ஒரு முறை தட்டினான். 403. பிறகு பட்டியலில் அந்த ஃபோன் வரவே இல்லை. பொழுது போகவில்லை என்று வேறு எதையாவது தேடிப் போயிருப்பான்.

கதவில் எறும்பு நின்றாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்தானாக்கா?"

"தட்டினான். திறக்கல."

எறும்பு சுவரில் சாய்ந்தாள்.

"கவுன்டர்ல?"

"கவுன்டர்ல யார் திறந்தாலும் அவங்க பேரோட பதிவாகும். இதுவரைக்கும் யாரும் திறக்கல. நீ உன் ஃபோன்ல லாகின் பண்ணி நீயே பாத்துக்க."

எறும்பு ஃபோனை எடுத்தாள். திறக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்களால பாக்க முடியுமாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"முடியும்" என்றாள் சர்வரக்கா. "எனக்கு எல்லாமே திறக்கும். அதை என்னாலயும் மாத்த முடியாது."

"பாத்தீங்களா?"

"இல்ல."

எறும்பு அவளையே பார்த்தாள். பிறகு அந்த அறையிலேயே, அவள் எதிரிலேயே, முதுகை மட்டும் திருப்பிக்கொண்டு ரிப்போர்ட்டைத் திறந்தாள். சர்வரக்கா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அங்கே தொங்கிய நெட்வொர்க் கேபிள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாலு வந்தது. இன்னொரு முறை எண்ணினாள். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அது எப்படிப்பட்ட பெருமூச்சு என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம், பிறகு கையுறையைக் கழற்றும் சத்தம்.

"வரேன்க்கா. அடுத்த ஆள் காத்துட்டிருக்காங்க."

"போ. பாத்துப் போடு."

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று வெளியே யாரிடமோ சொல்லும் குரல் கேட்டது. கை நடுங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

அந்த ரிப்போர்ட்டில் என்னதான் இருந்தது என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றும். தோன்றட்டும். எறும்பு தானாகச் சொல்லும்வரை சர்வரக்காவே கேட்கவில்லை. நீங்களும் நானும் எந்தக் குரூப்பில் இருக்கிறோம்?